ஐம்பத்தெட்டாம் பக்கத்துக்குப் பிறகு

இருபத்தாறு வருடமாக அடுத்தவர் எழுத்தில் பிழை பார்த்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது, ஐயா. உங்கள் எழுத்தர் எழுதிவைத்த என் வாக்குமூலத்திலேயே ஏழு இடம் திருத்தினேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், கை சும்மா இருக்காது.

அந்த அம்மையாரின் நாவல்கள் உங்கள் வீட்டிலும் இருக்கும். இல்லாத வீடு எது? பதினொரு பாகம். கணவனைக் கொன்றவனைத் தேடி அலையும் ஒரு நர்ஸின் கதை. மூன்றாம் பாகத்தில் செத்துப்போன மாமியார் ஏழாம் பாகத்தில் காபி கலந்துகொண்டு வருகிறாள். வக்கீலுக்கு முதலில் இடது கால் ஊனம், பிறகு வலது கால், ஒன்பதாம் பாகத்தில் ஓடிப்போய் ரயிலைப் பிடிக்கிறான். யார் அழுதாலும் உடனே மழை கொட்டும். இதையெல்லாம் நான்கு பக்கக் குறிப்பாக எழுதிப் பதிப்பக முதலாளியிடம் கொடுத்தேன். "சும்மா இருங்க சார், பிழையோடதான் விக்குது" என்று சிரித்தார்.

என் மனைவி ஒவ்வொரு பாகத்தையும் மூக்கைச் சிந்திக்கொண்டே படிப்பாள். நான் கேலி செய்வேன்.

"அப்புறம் நீங்க ஏன் அத குளியலறைக்குள்ள எடுத்துட்டுப் போறீங்க?"

"பிழை குறிக்கத்தான்."

"பென்சில் இல்லாமலா?"

அவளுக்கு எப்போதும் குதர்க்கம்தான்.

பதினோராம் பாகத்தின் கடைசி வரியில் நர்ஸ் ஒரு கதவுப் பிடியில் கை வைக்கிறாள். கதவுக்குப் பின்னால் கொலைகாரன். அங்கே மூன்று புள்ளி வைத்து நிறுத்திவிட்டார். பதினான்கு மாதம் காக்கவைத்தார், ஐயா. இதற்குப் பெயர் எழுத்தா?

பன்னிரண்டாவதான கடைசிப் பாகத்தின் கையெழுத்துப் பிரதியை வீட்டைவிட்டு வெளியே அனுப்ப மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால், முதலாளி என்னை அங்கே அனுப்பினார். மதியம் இரண்டு மணிக்குப் போனேன். தனியாக இருந்தார்.

"உங்க குறிப்பெல்லாம் படிச்சேன் சார். எல்லாமே சரிதான். இந்தத் தடவ நீங்கதான் பாக்கணும்னு நான்தான் கேட்டேன்" என்றார். நல்ல பெண்மணி. எழுதத்தான் வராது. முன்னறை மேசையில் காகிதக் கட்டை வைத்து, பக்கத்தில் கிடந்த மாத்திரை டப்பாவை ஓரமாக நகர்த்தினார். "நெஞ்சு வலிக்கு. கையில கெடைக்கிற மாதிரி இங்கயே வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடச் சமையலறைக்குப் போனார்.

சிவப்பு மைப் பேனாவைத் திறந்துகொண்டு படிக்க ஆரம்பித்தேன். அந்த நர்ஸ் கதவுப் பிடியில் கை வைத்தபடியே பழசையெல்லாம் நினைத்துப் பார்க்கிறாள். முந்நூறு பக்கம், ஐயா. கை மரத்துப்போயிருக்காதா?

சமையலறையில் பாத்திரம் விழுந்தது. "சார், அந்த டப்பாவ கொஞ்சம் கொண்டாங்களேன்" என்றார். "இதோ மேடம், இந்தப் பக்கம் முடிச்சுட்டு வர்றேன்" என்றேன். பாதிப் பக்கத்தில் எழுந்தால் வரி தவறிவிடும். எங்கள் தொழிலில் அது முதல் பாடம். அந்தப் பக்கத்தின் முடிவில் வக்கீல் சுடப்பட்டான். அதனால் அடுத்த பக்கம். அவர் டம்ளரால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு தட்டுவது குறைந்தது, படிக்க வசதியாக இருந்தது.

வேலை மும்முரத்தில் காதில் விழவில்லை என்று நேற்று சொன்னேன். ஐம்பத்தெட்டாம் பக்கத்துக்குப் பிறகு சிவப்பு மையே இல்லையே என்று நீங்கள் கேட்டீர்கள். அதற்குப் பிறகு பிழை குறைவு என்றேன். அது உண்மையில்லை. ஐம்பத்தொன்பதாம் பக்கத்தில் அந்தச் செத்த மாமியார் மறுபடி காபியோடு வருகிறாள். நான் பேனாவை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை.

ஐந்தரை மணிக்குக் கட்டு தீர்ந்தது. கதவு இன்னும் மூடியே இருந்தது. கடைசி அத்தியாயம் அதில் இல்லை.

டப்பாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அடுப்புக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தார், உடம்பெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மேடம், கதவுக்குப் பின்னால யாரு?"

அவருக்கு முதலில் புரியவில்லை. மறுபடி கேட்டேன். "சொல்லிடுங்க, உடனே மாத்திரை தர்றேன்."

"இன்னும்... யோசிக்கவே இல்ல, சார்."

பதினொரு பாகம் எழுதியவர் அப்படிச் சொன்னால் யார் நம்புவார்? மறைக்கிறார் என்றுதான் நினைத்தேன். டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சொல்லாமலே போய்விட்டார். அவரைக் கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன உதவி, ஐயா. அந்த வீட்டைச் சோதனை போடும்போது தனியாக நோட்டு ஏதாவது கிடைத்தால், ஒரு மணி நேரம் என்னிடம் கொடுங்கள். பிழை பார்க்கத்தான்.