எழுபத்திரண்டு கிலோ

எடை பார்க்க நல்ல நேரம் விடிந்ததும்தான். வெறும் வயிற்றில், பாத்ரூம் போய்விட்டு வந்த பிறகு, தலையில் ஈரம் இல்லாமல் ஏறி நிற்க வேண்டும். கிழமையும் மாறக்கூடாது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டோம். அன்று எனக்குத் தொழிற்சாலை இல்லை. என் கணவருக்கு ரத்தம் சுத்தம் செய்கிற நாளும் இல்லை.

அந்த எடைகளை எழுதி வைத்த நோட்டுப் புத்தகத்தை முகுந்தன் கேட்கிறான். என் கணவரின் தம்பி. அண்ணன் கையெழுத்து வேறு எதிலும் மிச்சமில்லை என்று கருமாதியன்று சொன்னான். கேட்பது நியாயம்தான், கொடுக்கத்தான் போகிறேன். கொடுப்பதற்கு முன், அதில் எழுதாமல் விட்டதையும் எழுதி உள்ளே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் கணவர் சத்தியசீலன் இருபத்தாறு வருடம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார். மற்ற நாட்களில் லோரி எங்கே நிற்கும் என்பது எனக்குத் தெரியும். கோலா பிலாவில், பச்சை கேட் போட்ட ஒரு வீட்டு வாசலில். நான் போய்ச் சண்டை போட்டதில்லை. ஒரே ஒரு தடவை பஸ் ஏறிப் போய் அந்த கேட்டைப் பார்த்துவிட்டு, பாசாரில் இரண்டு கட்டு கீரை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இனிப்புநீர் வியாதி அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் தின்ற பிறகு லோரியை முதலாளி வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். பச்சை கேட் வீட்டிலிருந்து முதல் மாதம் போன் வந்தது. இரண்டாம் மாதம் வரவில்லை. திங்கள், புதன், வெள்ளி காலை ஆறரை மணிக்கு வேன் வந்து ரத்தம் சுத்தம் செய்ய அவரை ரெம்பாவுக்கு ஏற்றிப்போகும். நான்கு மணி நேரம் இயந்திரத்தில் படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்புவார். மற்ற நேரமெல்லாம் வீட்டில்தான் இருந்தார்.

வீட்டில் இருக்கும் புருஷனை எனக்கு அதற்கு முன் தெரியாது. நெத்திலிக்குத் தலை கிள்ளி வைப்பார். துணி மடிப்பார், என் ரவிக்கையைக்கூட. சுங்கை காடுட் தொழிற்சாலையிலிருந்து என் பஸ் வரும் நேரத்துக்கு நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"ஏன் வள்ளி, இன்னிக்கி பத்து நிமிசம் லேட்டு?" என்பார்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நான் எத்தனை மணிக்கு வருகிறேன் என்று அவர் கேட்டது அப்போதுதான்.

என் சிறுநீரகம் அவருக்குச் சேரும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதித்துச் சொன்னார்கள். எடைதான் அதிகம். நான் எண்பத்தொன்பது கிலோ இருந்தேன். எழுபத்திரண்டுக்கு இறங்கினால்தான் அறுப்பார்கள். அங்கிருந்த தாதி ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தாள். "எழுபத்திரண்டு வந்ததும் இதுக்கு ஒரு போன் பண்ணுங்கம்மா. அது போதும். மத்தத நாங்க பார்த்துக்கிறோம்."

அந்த நம்பர் இன்னும் நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை வெகு காலமாகச் சும்மா கிடந்தது. தோட்டத்துப் பையன் தர்மேந்திரன் அதைக் கூட்டிப் பெருக்கி, இரும்புக் கம்பியும் எடைத்தட்டும் வாங்கிப் போட்டு, வாரத்தில் மூன்று மாலை பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தான். முதல் நாள் பத்துக் கிலோ அரிசி மூட்டையை என் மார்போடு அணைக்கச் சொல்லி, உட்கார்ந்து எழச் சொன்னான். எட்டாவது தடவை எழ முடியவில்லை.

"முட்டிய வெளிய தள்ளுங்கக்கா. பயப்படாதீங்க லா, அரிசி கடிக்காது."

"அவ எங்கடா பயப்படுறா? அரிசிதான் பயந்துபோய்க் கிடக்குது," என்றாள் பக்கத்து வீட்டுக் குமுதவல்லி. எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

அவன் சொல்லித்தான் நோட்டுப் புத்தகம் வாங்கினோம். தேதி, எடை, இடுப்புச் சுற்றளவு, தூக்கிய கிலோ என்று கோடு போட்டவர் என் கணவர். எழுதும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். நான் தராசில் ஏறி நிற்பேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கால்மாட்டில் குந்தி உட்கார்ந்து முள்ளைப் பார்ப்பார். என் சோற்றை அளந்து போட்டவரும் அவர்தான். ஆவியில் வெந்த காயும் அவித்த முட்டையும் வைத்து, தின்று முடிக்கும் வரை எதிரிலேயே இருப்பார். எண்பத்தேழு, எண்பத்தைந்து, எண்பத்திரண்டு. ஜூலை கடைசியில் எழுபத்தெட்டு. ஒவ்வொரு கிலோ இறங்கும்போதும் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி.

எழுபத்தெட்டு எழுதிய அன்று அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார். நெத்திலியைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: "இன்னும் ஆறே கிலோ. கிட்னி வந்துருச்சுன்னா மொதலாளிகிட்ட போய் நிப்பேன். லோரிய எடுத்துட்டா இந்த நாற்காலிய ஒடச்சு அடுப்புல வச்சுருவேன், பாரு."

"உடம்பு தாங்குமா?" என்று கேட்டேன்.

"உன் கிட்னிடி. உன்ன மாதிரியே ஓடும்," என்றார்.

அவர் பச்சை கேட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை நேர்மையாக எழுதிவிட வேண்டும். லோரி என்று மட்டும்தான் சொன்னார்.

தராசைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். சிறு வயதில் ரப்பர் பால் நிறுக்கிற ஸ்டோரில் வாளி கழுவிப் போடுகிற வேலை பார்த்தேன். அங்கே கணக்கு எழுதும் கிராணி முள்ளைக் குறைத்து வைத்திருப்பார். ஆனால் ஒருவருக்கும் தெரியாது. ஏனென்றால் கொக்கியில் எப்போதும் ஒரு காலி வாளி தொங்கும். வெறும் தராசில் முள் எங்கே நிற்கிறது என்பதைப் பால் வெட்டுகிறவர்கள் பார்த்ததே இல்லை. என் அம்மாவும் பார்த்ததில்லை. தராசை ஏமாற்ற வேண்டியதில்லை, அது சும்மா இருக்கும்போது யாரும் பார்க்காமல் இருந்தால் போதும்.

எங்கள் வீட்டுத் தராசின் அடியில், முள்ளை நகர்த்த, நகம் அளவுக்கு ஒரு பல்சக்கரம் உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் எழுபத்தேழரை இருந்திருப்பேன். அவர் வருவதற்குள் கட்டைவிரலால் சக்கரத்தை ஒரு பல் தள்ளிவிட்டு ஏறி நின்றேன். அவர் குந்தி உட்கார்ந்து படித்தார். "எழுபத்தெட்டுதான் புள்ள. பரவால்ல, அடுத்த வாரம் பார்ப்போம்." அவர் எழுதத் திரும்பியதும் இறங்கித் தராசைச் சுவரோடு சாய்த்து வைத்தேன். முள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அவ்வளவுதான் நான் செய்தது.

ஒரே எண்ணில் நிற்கவும் விடக்கூடாது. நின்றால் வேறு யோசனை வரும். ஆகவே மாதத்துக்கு அரைக் கிலோ இறங்க விட்டேன். வட்டம் போட அவருக்கு ஏதாவது வேண்டுமல்லவா? நான் நிஜமாகவே இளைத்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது கூடுதலாகத் தின்ன வழியில்லை. தூக்கும் எடையும் ஏறியது. முப்பது, நாற்பது, ஐம்பது. குமுதவல்லி என் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்து, "என்னாக்கா இது, ரெண்டு பேரு உள்ள போவலாம் போலிருக்கு" என்றாள். சதை கொழுப்பைவிடக் கனம், அதனால் எடை இறங்காது என்று தர்மேந்திரன் எப்போதோ சொல்லியிருந்தான். அதையே அவளுக்கும் சொன்னேன். வீட்டிலும் சொன்னேன். இடுப்பு அளக்கிற நாடா தொலைந்துவிட்டது என்றும் சொன்னேன்.

தீபாவளிக்கு முகுந்தன் வந்தான். "அண்ணி, நான் போய் டெஸ்ட் பண்ணிக்கிறேனே. நீங்க உடம்ப இப்படி வருத்திக்கிறீங்க, பார்க்கவே கஷ்டமா இருக்கு."

அவனுக்கு இரண்டு சின்னப் பெண்கள். அதைச் சொன்னேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினேன். எண்கள் எல்லாம் இறங்குமுகமாகத்தான் இருந்தன. "இவ்வளவு தூரம் வந்தாச்சு தம்பி. இன்னும் நாலஞ்சு கிலோதான்," என்றேன். அவன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

நவம்பர் கடைசியில் நான் எழுபத்திரண்டு. சக்கரத்தின் பற்களை நான் எண்ணி வைத்திருந்தேன், அதனால் எனக்குத் தெரியும். தராசு எழுபத்தாறு காட்டியது. ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. இயந்திரத்தோடு பத்து வருடம், பதினைந்து வருடம் இருப்பவர்கள் உண்டு. வேனில் வருகிற ஒரு சீனப் பெரியவர் பதினொரு வருடம் என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கும் பதினொரு வருடம் போதும் என்று இருந்தது. அது அதிகம் என்று அப்போது தோன்றவில்லை.

அதன் பிறகு அவர் கொஞ்சம் அமைதியாகிவிட்டார். வட்டம் போடுவதை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை குந்தி உட்கார்ந்து, முள்ளைப் பார்த்துவிட்டு, அப்படியே தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்ப்பார்.

"தராசு சரியாத்தான் காட்டுதா வள்ளி?"

"சரியாத்தான் காட்டுது."

"சரி," என்று எழுதிக்கொள்வார். வாராவாரம் இதே பேச்சுத்தான். வயதானால் சொன்னதையே சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு முகுந்தன் மறுபடி கேட்டான். இந்தத் தடவை நான் பேச வேண்டியிருக்கவில்லை. அவரே சொன்னார். "வேணாண்டா. அண்ணி குடுப்பா." சொல்லும்போது முகுந்தனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "குடுப்பேல்ல?" என்றார். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். என் மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று அடுப்படியில் நின்று அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, வேன் வருவதற்கு முன், பாத்ரூமில் விழுந்தார். இரண்டு நாள் நீர் சேர்ந்த உடம்பு, இதயம் நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள். கூப்பிட்டிருந்தால் யாராவது ஓடி வந்திருப்பார்கள். நான் கூப்பிடவில்லை. தர்மேந்திரன் சொல்லிக் கொடுத்தபடி முதுகை நேராக வைத்து, மூச்சைப் பிடித்து, கால்களால் எழுந்தேன். நான் அறுபது தூக்குவேன். அவர் அறுபத்தொன்று இருந்திருப்பார். வாசல் நாற்காலி வரை தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தேன். வேன்காரர் வந்து பார்த்துவிட்டுத்தான் தொப்பியைக் கழற்றினார்.

சாவு வீட்டில் எல்லாரும் என்னைப் பற்றித்தான் பேசினார்கள். "புருஷனுக்கு கிட்னி குடுக்க ஒரு வருஷமா வாயக் கட்டி, இரும்பு தூக்கினா. எவ செய்வா?" என்று குமுதவல்லி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி அழுதாள். நான் மறுக்கவில்லை. அது நடந்ததுதானே.

நேற்று முகுந்தனுக்குக் கொடுப்பதற்காக நோட்டுப் புத்தகத்தைத் துடைத்தேன். கடைசி அட்டைக்கு முந்தைய பக்கத்தில், கோடு போடாத இடத்தில், அவர் கையெழுத்தில் மூன்று வரிகள் இருந்தன.

நவம்பர் 30, ஞாயிறு.
அரிசி மூட்டை 10. தராசு 14.
வள்ளி 76. கழித்தால் 72.

எழுபத்திரண்டைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். பேனா இரண்டு முறை சுற்றி வந்திருந்தது.

அன்று நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் சுவரோரம் இருந்த தராசைத் திருப்பி வைத்திருப்பார். முள் நான்கில் நின்றிருக்கும். அரிசி மூட்டையை எப்படித் தூக்கினாரோ, அந்தக் கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு வீங்கியிருந்தது. தாதியின் நம்பர் அட்டையிலேயே இருந்தது. அவரே பேசியிருக்கலாம். தம்பியிடம் சொல்லியிருக்கலாம். அவன் பொங்கலன்று எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். ஒன்றும் செய்யவில்லை.

முதலில் கொஞ்சம் கலங்கினேன். பிறகு யோசித்துப் பார்த்ததில் மனம் லேசாகிவிட்டது. லோரி, முதலாளி என்பதெல்லாம் வாய்ப்பேச்சுத்தான். அவருக்கும் அந்த நாற்காலியும் நெத்திலியும் ஞாயிற்றுக்கிழமையும்தான் வேண்டியிருந்திருக்கிறது. நான் தனியாகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருமாகத்தான் செய்திருக்கிறோம். முகுந்தனும் இதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இல்லையென்றால் எல்லாம் தெரிந்த மனுஷன் அதற்குப் பிறகு பதினொரு ஞாயிற்றுக்கிழமை என் கால்மாட்டில் குந்தி உட்கார்ந்திருப்பாரா? ஒரு நாள்கூட, ஒரு வார்த்தைகூட, அவர் என்னைக் கேட்கவில்லை.