மூன்றாவது ஓலை

ஞாயிறு பூசையில் அறிவிப்பு வாசிக்க ஒரு குரல் வேண்டும். மைக் இருந்தால் போதும் என்று இப்போது எல்லோரும் நினைக்கிறார்கள். முதலியார்பேட்டையைத் தாண்டி இருக்கும் எங்கள் கோயில் பங்கில் இருபத்தாறு வருடமாக உபதேசியார் தனிஸ்லாஸ்தான், அதாவது நான்தான், வாசிக்கிறேன். ஒருவர் பெயரையும் தப்பாகச் சொன்னதில்லை. நீங்கள் கோயிலுக்கு வருகிறவர் இல்லை, எஸ்.ஐ. அம்மா, அதனால் விளக்குகிறேன். எங்களில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று. மூன்றாவது ஓலை வாசிக்காமல் தாலி ஏறாது.

சிறார் பாதுகாப்புக் குழுவுக்கும் நான்தான் செயலர். அதைக் குழு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு சனிக்கிழமை ஐந்து பேரை உட்கார வைத்துப் படம் காட்டி, பிரியாணி போட்டு, ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். ஐந்தில் இரண்டு பேர் தூங்கினார்கள். பிறகு கோயில் வாசலில் ஒரு புகார்ப் பெட்டி வைத்தோம். சாவி என்னிடம். மூன்று வருடத்தில் அதில் விழுந்தது பாடகர் குழுவைப் பற்றி நாலு மொட்டைக் கடிதமும் ஒரு ஐஸ் குச்சியும்.

செங்கோல்மேரி பெட்டியைத் தேடவில்லை, நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள். தோசைக்கடை போட்டிருக்கிறவள். மாவு காய்ந்த கையோடு வாசலில் நின்றாள்.

"ஐயா, சின்னவ பாட்டு கிளாசுக்குப் போவ மாட்டேங்குறா. கசிமீர் சாமி ரூமுக்குக் கூப்ட்டு கதவச் சாத்திக்கிறாராம். பதிமூணு வயசுய்யா அவளுக்கு."

மீதியையும் சொன்னாள். சொல்லத் தெரியாமல் சொன்னாள், முந்தானையைக் கடித்துக்கொண்டு. நான்தான் அதை ஒழுங்கான வாக்கியங்களாக எழுதினேன். அவள் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். உடனே காவல் துறைக்குச் சொல்ல வேண்டும் என்ற விதியை எனக்குப் படித்துக் காட்ட வேண்டாம். நான் சான்றிதழ் வாங்கியவன்.

பங்குச் சாமியார் என்பதால் கசிமீர் சாமியின் மீது எனக்குப் பிரியம் என்று எண்ணிவிடாதீர்கள். பிரசங்கத்தில் சினிமா ஜோக் சொல்கிற ஆள், பூசைக்கு வரும்போதும் கூலிங்கிளாஸ். அவருக்காக நான் சுண்டுவிரலைக்கூட அசைக்க மாட்டேன். ஆனால் கோயிலுக்கு அது நூற்றைம்பதாவது ஆண்டு. தேருக்கு வர்ணம் பூசியாகிவிட்டது. வக்கான்ஸ் லீவுக்கு ஊருக்கு வருகிற எங்கள் பாரிஸ் குடும்பங்கள் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஒரு தோசைக்காரி வந்து நின்றாள் என்பதற்காக இத்தனையும் நிற்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு ஒரு பங்கை நடத்தத் தெரியாது.

அவளுடைய பெரியவள் ரெஜினாவுக்கு அப்போது இரண்டு ஓலை வாசித்து முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்து மூன்றாவது ஞாயிறு நாலாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒரு ஓலையை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன். யாரையும் மிரட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மத்தியானம் செங்கோல்மேரி வந்தாள்.

"எங்க பேரு வரலியேய்யா. அவங்க வேற மாரி பேசறாங்க."

"உன் புகார் ஒண்ணு நிலுவையில இருக்குது. அது முடியட்டும்மா."

"அதுக்கும் இதுக்கும் என்னங்கய்யா?"

அவளுக்குப் புரிய எவ்வளவு நேரமாகும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நிமிடம். வாபஸ் கடிதத்தை முதல் நாளே எழுதி வைத்திருந்தேன். சாயங்காலம் வந்து கையெழுத்துப் போட்டாள். சின்னவளும் கூட வந்திருந்தாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை, எனக்குத் தோத்திரமும் சொல்லவில்லை. வளர்ப்பு அப்படி.

அடுத்த ஞாயிறு மூன்றாவது ஓலையை வாசித்தேன். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று நிறுத்தி நிதானமாக வாசித்தேன். கல்யாணத்துக்கும் போனேன். கறி வேகவில்லை.

திருவிழா முடிந்ததும் கசிமீர் சாமி தாமாகவே மாற்றல் கேட்டார். செஞ்சிப் பக்கம் ஒரு பெண்கள் விடுதி. இங்கே நடந்தது எதுவும் மேலே போகாமல் நான் பார்த்துக்கொண்டதால் அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. பாதுகாப்புக் குழுச் செயலரின் நற்சான்று வேண்டும் என்று விடுதியில் கேட்டார்கள், புது விதியாம். கொடுத்தேன். சிறுமிகளிடம் தனி அக்கறை கொண்டவர் என்று எழுதினேன், உங்கள் கையில் இருப்பது அதுதான். அங்கே மூன்று பேர் என்கிறீர்கள். நான் கேள்விப்பட்டது இரண்டு.

இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டே இருந்துவிட்டு இப்போதுதான் தலைநிமிர்ந்து ஒன்று கேட்கிறீர்கள்.

"அந்தம்மா பொய் சொல்றாங்கன்னு நெனச்சீங்களா, சார்?"

இல்லை. நான் அப்படிப்பட்ட முட்டாள் இல்லை. அவள் கதவு என்று சொன்ன உடனே நம்பினேன். அதற்கு ஒரு வருடம் முன்னால் என் மகள் எவாஞ்செலின், அதே அறையையும் அதே கதவையும் பற்றி, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னாள். முழுவதையும் கேட்டேன். வெளியே மூச்சு விடக்கூடாது என்றேன். பாடகர் குழுப் பட்டியலில் அவள் பெயரை நானே அடித்தேன். அடுத்த மாதமே பாரிஸில் என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். முன்வரிசையில் திடீரென்று ஒரு இடம் காலியாக இருந்தால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள். அதனால் நல்ல குரலாகத் தேடி, கேள்வி கேட்கத் தெரியாத குடும்பமாகவும் பார்த்து, செங்கோல்மேரியின் சின்னவளை அந்த இடத்தில் நான்தான் கொண்டுபோய் நிறுத்தினேன்.

என் மகளைப் பொறுத்தவரை ஒரு தகப்பன் செய்ய வேண்டியதை நான் குறைவில்லாமல் செய்திருக்கிறேன். அது அவளுக்கும் தெரியும். நாலு வருடமாக என் போனை எடுப்பதில்லை. படிப்பு அதிகம் போலிருக்கிறது.