காத்துக் குழாய்க்கு ஒரு மூடி

லோகேஸ்வரி: ஏணி ஆடுது தம்பி. நான் பிடிச்சுக்கிறேன்.

குகன்: வேணாங்க்கா, நீங்க உக்காருங்க... தோ, கழண்டுருச்சு. பாருங்க.

லோகேஸ்வரி: இதுதானா? இத்துனூண்டு தகடு.

குகன்: இதுதான் பாத்ரூம் ஃபேன் குழாயோட மூடி. ஃபேன் ஓடுனா காத்து தள்ளித் தொறக்கும். நிறுத்துனா தானா விழுந்து மூடிக்கணும். ஸ்பிரிங் துருப்பிடிச்சு, தொறந்தபடியே நின்னுருச்சு.

லோகேஸ்வரி: அதான் வெளிக்காத்து திரும்ப பாத்ரூமுக்குள்ள வருது.

குகன்: காத்து மட்டுமா... எல்லாமே வரும். என்னமோ வாடை வருதுன்னீங்களே, என்ன வாடை?

லோகேஸ்வரி: எல்லா வீட்டு வாடையும்தான். கருவாடு வறுத்தா...

குகன்: பாத்ரூம் குழாய்ல கருவாட்டு வாடையா?

லோகேஸ்வரி: இவ்ளோ கேள்வி எதுக்குலா? புதுச மாட்டிட்டு இறங்குங்க.

குகன்: மாட்டுறேன், மாட்டுறேன். இது பிளாஸ்டிக்கு, துருப்பிடிக்காது... எங்க வீடு உங்க வீட்டுக்கு நேர் மேலதானே. ரெண்டு வீட்டுக் குழாயும் உள்ள ஒண்ணாத்தான் போய்ச் சேருது. தெரியுமா?

லோகேஸ்வரி: ம்... இருக்கும்.

குகன்: எங்க குழாய்க்கு மூடியே இல்ல. ஊருக்கெல்லாம் மாட்டிக் கொடுக்குறேன், சொந்த வீட்டுக்குப் போடல. பொண்டாட்டி பேச்சக் கேக்கல, தர்மினி சொல்லிக்கிட்டே இருந்தா.

லோகேஸ்வரி: அவ கண்ண மூடி வருசம் ஆகப் போகுதுல்ல?

குகன்: தைப்பூசம் வந்தா.

லோகேஸ்வரி: நீங்க... சாப்பாடெல்லாம் எப்படி?

குகன்: நம்ம சுங்கை பினாங்ல சோத்துக்கு என்னக்கா பஞ்சம். நான் நல்லாத்தான் இருக்கேன். வேலை வருது, பொழுது போயிருது. நீங்கதான் எளைச்சுட்டீங்க.

லோகேஸ்வரி: வயசாகுதுலா.

குகன்: தலையில என்ன துண்டு?

லோகேஸ்வரி: குளிச்சேன்.

குகன்: நேத்து பாசார்ல மீன் வாங்குறப்பவும் கட்டியிருந்தீங்க.

லோகேஸ்வரி: நேத்தும் குளிச்சேன்.

குகன்: அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. காலையில நீங்க வாந்தி எடுக்குறது... மேல கேக்குது.

லோகேஸ்வரி: காஸ்ட்ரிக்.

குகன்: தர்மினியும் மொதல்ல அப்படித்தான் சொன்னா.

லோகேஸ்வரி: அந்த ஸ்க்ரூ டிரைவர எடுத்துத் தரவா?

குகன்: சொல்ல வேணாம்னா வேணாம்க்கா.

லோகேஸ்வரி: மருந்து ஏத்துறாங்க தம்பி. பாதி முடிஞ்சிருச்சு. டாக்டர் நம்பிக்கையாத்தான் பேசுறாரு... ஆனா அந்த மருந்துதான், வயித்துல ஒண்ணும் நிக்க விட மாட்டேங்குது.

குகன்: உங்க மக மோகனாவுக்குத் தெரியுமா?

லோகேஸ்வரி: ஜொகூர்ல நெறமாசமா இருக்கா. தெரிஞ்சா அந்த வயித்தோட கெளம்பி வந்துருவா. பிள்ள பொறக்கட்டும், நானே சொல்றேன். நீங்க வாய் திறந்துடாதீங்க.

குகன்: இல்லக்கா... ஆஸ்பத்திரிக்கு எதுல போறீங்க?

லோகேஸ்வரி: பஸ்ல.

குகன்: மருந்து ஏத்திட்டு வரப்பவுமா?

லோகேஸ்வரி: கையில ஒரு பிளாஸ்டிக் பை வெச்சுக்குவேன். ஒரு வாட்டி பக்கத்துல இருந்த மலாய்க்காரப் பொண்ணு தோள்ல சாச்சுக்கிட்டா.

குகன்: அடுத்தது எப்ப?

லோகேஸ்வரி: வியாழக்கிழமை. ஏன்?

குகன்: என் வேன்ல போவோம். சாமான இறக்கி வெச்சுட்டா கால நீட்டிப் படுத்துக்கிட்டே வரலாம்.

லோகேஸ்வரி: வேணாம் தம்பி. தர்மினி இருந்த அதே வார்டுதான்... அங்க போயி நீங்க மறுபடியும் நிக்கணுமா?

குகன்: எனக்கு வழி தெரியும்க்கா. வண்டிய எங்க போட்டா வெயில் அடிக்காதுன்னு கூடத் தெரியும்.

லோகேஸ்வரி: மொதல்ல வேலையப் பாருங்க தம்பி, அப்புறம் பேசுவோம்.

குகன்: சுவிட்ச போடுங்க. ம், தொறக்குது... நிறுத்துங்க... மூடிக்கிச்சு. இனி சத்தம் அவ்வளவா மேல வராது. அதுக்குத்தானே என்னக் கூப்பிட்டீங்க? வாடையெல்லாம் சும்மா.

லோகேஸ்வரி: வாடை சும்மாதான். ஆனா எனக்காகக் கூப்பிடல.

குகன்: பின்ன? நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? நான் ஒரு வார்த்தை யார்கிட்டயும் சொல்லலயே.

லோகேஸ்வரி: நான் வாந்தி எடுக்க ஆரம்பிச்சா, மேல நீங்க அழுறத நிறுத்திடுறீங்க தம்பி... தெனமும் பாதியில நிறுத்துனா எப்படி? முழுசா அழுது முடிக்கட்டும்னுதான் மூடி போடச் சொன்னேன்.