ஜெயித்த போராட்டம்

ஹட்டனிலிருந்து பூண்டுலோயா போகும் பஸ். என் முன் இருக்கையில் இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். மூத்தவரின் மடியில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே உறை.

“கொழும்புல நாம செஞ்ச போராட்டம் ஜெயிச்சிருச்சாமே, அப்புறம் ஏன் சம்பளம் கூடல?” என்று அவர் கேட்டதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“அது சம்பளத்துக்கு இல்லையாம்க்கா. சிகரெட்ட ஒன்னொன்னா விக்கக் கூடாதுன்னு சட்டம் வர இருந்துச்சாம். அத நிப்பாட்டத்தான் நம்மள கூட்டிட்டுப் போயிருக்காங்க.”

“யாரு?”

“சிகரெட் கம்பெனிக்காரங்களாம்.”

“சோத்துப் பார்சல் குடுத்தாங்களே, அவங்களா? நான் சங்கத்து ஆளுங்கன்னுல்ல நெனச்சேன்! அப்ப நாம புடிச்சிருந்த போர்டுல என்ன இருந்துச்சு?”

“சிங்களத்துல எழுதியிருந்துச்சு. நமக்கு என்ன தெரியும்?”

வளைவில் பஸ் சாய்ந்தது. மூத்தவர் உறையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“எங்க வீட்டுக்காரரு நெஞ்சு இப்படி இருக்கறப்பவும் கடையில ஒன்னொன்னா வாங்கிக் குடிக்கிறாரு. பாக்கெட்டா வாங்க காசு ஏது? அந்தச் சட்டம் வந்திருந்தா விட்டிருப்பாரா?”

“விட்டிருப்பாரோ என்னமோக்கா.”



“ஏன் புள்ள, அன்னைக்கு எல்லாரையும் விட சத்தமா கத்துனது நான்தானே?”