பெலும் என்றொரு சொல்

நூல் சிட்டத்தைப் பந்தாகச் சுற்ற இரண்டு கை போதாது, மிஸ். நான்கு கை வேண்டும். ஒருவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, அதில் சிட்டத்தை மாட்டிக்கொண்டு ஆடாமல் உட்கார வேண்டும். இன்னொருவர் நுனியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். நாற்காலி முதுகில் மாட்டியும் சுற்றலாம் என்று யூடியூப்பில் சொல்கிறார்கள். செய்து பார்த்தேன், பாதியில் நாற்காலியும் கூடவே வந்துவிட்டது.

நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். தமிழிலேயே எழுதுங்கள் ஆன்டி, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுக்கு நான் மலாயில் மாற்றிக்கொள்கிறேன் என்றீர்கள். நலப்பிரிவில் இப்படித் தன்மையாகப் பேசுகிற பிள்ளைகள் இருப்பது சந்தோஷம். எனக்கு எழுதுவதில் சிரமமே இல்லை. கிள்ளானில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் முப்பத்தோரு வருஷம் கிராணியாக இருந்து கடிதமும் கணக்கும் எழுதியவள் நான். இராசேஸ்வரி கையெழுத்து என்றால் அச்சடித்த மாதிரி இருக்கும் என்று பேர்.

என் வீட்டுக்காரர் நாகையா லோரி ஓட்டியவர். போர்ட் கிள்ளானில் சரக்கு ஏற்றினால் ஜொகூர், குவாந்தான் என்று போய்விடுவார். வீடு அவருக்குச் சட்டை மாற்றுகிற இடம். சரி, வயசானால் வீட்டோடு இருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். எங்கே இருந்தார்? வேலையை விட்ட மறுநாளே அவருடைய கூட்டாளி சபாபதி அண்ணன் காலை ஏழு மணிக்கு வாசலில் நின்று ஹாரன் அடித்தார். கோயில் கமிட்டி, கல்யாண வீடு, பிரிக்பீல்ட்ஸில் தேத்தண்ணி என்று இருவருக்கும் ஊரெல்லாம் வேலை. செத்தவர் யாரென்றே தெரியாத சாவு வீட்டுக்குப் போய் நாற்காலி அடுக்கிக் கொடுத்துவிட்டு வருவார். நான் தனியாகச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பேன். அழுததெல்லாம் உண்டு. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

நானும் ரிட்டயர் ஆனதும் பின்னல் ஊசி வாங்கினேன். பிறகு தக்ளி வாங்கி, நூலையும் நானே நூற்கப் பழகினேன். "நம்ம வூட்ல ஏர்கோன்கூட இல்ல, யாருக்குடி ஸ்வெட்டரு?" என்று அவர் கேலி செய்வார். ஸ்வெட்டர் இல்லை, எல்லாம் பருத்தி நூல்தான். கடையில் வாங்குகிற பஞ்சு எதற்கு, நாமே பயிர் செய்தால் என்ன என்று இந்த மார்ச் மாதம் பன்னிரண்டு தொட்டியில் பருத்தி விதை போட்டேன். காய் வெடிக்க ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். வெடிக்கிற நேரத்தில் மழை பட்டால் பஞ்சு கறுத்துவிடும் என்பதால், காடி நிறுத்துகிற கூரையின் ஓரத்தில் வெயில் படும்படி வரிசையாக வைத்தேன்.

அந்த வாரந்தான் பங்குனி உத்திரம். இவர் கோயிலில் தோரணம் கட்ட ஏணியில் ஏறி, ஏணியோடு சாய்ந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. காலுக்குள் உலோகத் தட்டு வைத்து ஆப்பரேஷன் ஆனது. ஆறு வாரத்துக்குக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார் டாக்டர். இதில் என் கை எதுவும் கிடையாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆறு வாரத்தைப் பற்றி என்ன சொல்வேன், மிஸ்? கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் நான் வாழ்ந்தது அந்த ஆறு வாரந்தான். காலையில் பசியாறிவிட்டு வீல்சேரை முன்வாசலுக்குத் தள்ளி வருவேன். அவர் செடிக்கு ரப்பர் குழாயால் தண்ணீர் அடிப்பார். நான் நூற்பேன். வெயில் ஏறியதும் உள்ளே வந்து கையை நீட்டுவார், சிட்டத்தை மாட்டிவிடுவேன். மூவார் பக்கம் லோரி சாய்ந்து அன்னாசிப்பழமெல்லாம் ரோட்டில் உருண்ட கதையை எனக்கு அப்போதுதான் சொன்னார். போலீஸ்காரரே இரண்டு பழத்தைத் தொப்பியில் எடுத்துக்கொண்டு போனாராம். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. நான் பின்னும்போது அவர் கண்ணி எண்ணுவார். வேண்டுமென்றே இருபதுக்குப் பிறகு பதினெட்டு என்பார். இப்படி ஒரு மனுஷன் என் வீட்டில் இத்தனை வருஷம் சட்டை மாற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

ஆறாவது வாரம் எக்ஸ்ரே எடுக்கப் போனோம். சின்ன வயசு டாக்டர். படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பு அருமையாகக் கூடிவிட்டது, 'போலே பிஜாக்', காலை ஊன்றலாம், இன்றிலிருந்தே வாக்கர் பிடித்து நடக்கட்டும், வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு வரட்டும் என்றார். முகக்கவசத்துக்குள் பேசினார். இவருக்கு லோரி இரைச்சலில் காது பாதி போய்விட்டது. டாக்டர் கையைக் காலை ஆட்டியதைப் பார்த்துச் சும்மா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். மருந்தோடு ஒரு வாக்கரும், டாக்டர் சொன்னதை மலாயில் எழுதிய ஒரு தாளும் என்னிடம் கொடுத்தார்கள்; வாக்கரை நானே காடியின் பின்பெட்டியில் வைத்தேன்.

திரும்பி வரும்போது காடியில் கேட்டார். "என்னா சொன்னான் அந்தப் பையன்? நடக்கலாமா? சபாபதிகிட்ட சொல்லணும் லா."

"பெலும் போலே பிஜாக்" என்றேன்.

பெலும் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலாயில் யாரும் முகத்தில் அடித்தாற்போல இல்லை என்று சொல்வதில்லை. சாப்பிட்டாயா என்றால் பெலும். கல்யாணம் ஆயிற்றா என்று ஐம்பது வயசுக்காரியைக் கேட்டாலும் பெலும். இன்னும் இல்லை, அவ்வளவுதான் அர்த்தம். நடக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தால் அது பொய். நடக்க முடியாது என்று சொல்லியிருந்தால் அது பாவம். நான் சொன்னது இன்னும் இல்லை என்றுதான். பருத்தி அப்போதுதான் பூ விட ஆரம்பித்திருந்தது.

செமினியில் இருக்கிற எங்கள் மகள் வாணி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். எதையும் எடுத்துப் படித்துப் பார்க்கிற பிள்ளை. அதனால் அந்தத் தாளில் போலே என்பதற்கு முன்னால் பெலும் என்று எழுத வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிப் பேனாவும் நீலம், என் பேனாவும் நீலம். வாக்கியத்தின் முதலில் நின்ற பெரிய எழுத்து இப்போது நடுவில் வந்துவிட்டது இல்லையா, அதைச் சின்ன எழுத்தாக மாற்றினேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. வாணி படித்துவிட்டு, "பாவம்ப்பா, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க" என்று அவர் தோளைத் தடவினாள்.

பயிற்சிப் பிரிவிலிருந்து போன் வந்தது. அவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், அங்கேயே பக்கத்தில் பார்த்துக்கொள்கிறார் என்றேன். அடுத்த எக்ஸ்ரே நாளையும் அப்படியே தள்ளிப்போட்டேன். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள்.

வாக்கரை என்ன செய்வது என்றுதான் இரண்டு நாள் யோசித்தேன். தூக்கிப்போட மனசு வரவில்லை, அலுமினியம், துருப்பிடிக்காது. பின்பக்கம் பாகற்கொடி பந்தல் இல்லாமல் தரையில் படர்ந்துகொண்டிருந்தது. வாக்கரை அங்கே நட்டு, கொடியை ஏற்றிவிட்டேன். இரண்டு வாரத்தில் வாக்கர் இருந்த இடமே தெரியவில்லை. அந்தக் கொடியில் காய்த்த மாதிரி பாகற்காய் நான் வேறெந்தக் கொடியிலும் பார்த்ததில்லை.

ஜூன் மாதம் ஒரு காலை, அடுப்படியில் இருந்தேன். "ராசு, இங்க வா, ஓடியா!" என்று சத்தம். போனால், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு காலும் தரையில். முகமெல்லாம் பல். "பாரு லா, நிக்கறேன்! வலியே இல்ல!"

நான் சத்தம் போடவில்லை. "உக்காருங்க. உள்ள இருக்கற தட்டு ஒடஞ்சா காலையே எடுத்துருவாங்களாம், டாக்டர் சொன்னாரு" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. மெதுவாகக் கம்பியை விட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் முயற்சி செய்யவே இல்லை. என் சொல்லுக்கு அவரிடம் அவ்வளவு மதிப்பு இருந்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். அன்றைக்கு அவருக்குப் பிடித்த நண்டுப் பிரட்டல் வைத்தேன்.

சபாபதி அண்ணனைப் பற்றியும் கேட்டீர்கள். அவர் வாரத்துக்கு இரண்டு முறை வந்துகொண்டுதான் இருந்தார். தூங்குகிறார் அண்ணே என்பேன். ஒரு தடவை, "என்னாம்மா இது, நானும் பாக்கறேன், எப்ப வந்தாலும் தூங்கறான்" என்று சிரித்துவிட்டுப் போனார். ஜூலையில் அவருக்கு மாரடைப்பு வந்து போய்விட்டார். நான் எட்டாவது நாள்தான் இவரிடம் சொன்னேன். சொன்னபோது இவர் கையில் சிட்டம் மாட்டியிருந்தது. யார் யாருக்கோ நாற்காலி அடுக்கினேன், அவனுக்கு ஒரு நாற்காலி போட முடியலையே என்று குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அவர் கையை மட்டும் கீழே போடவில்லை, நூல் சிக்கிவிடும் என்று தெரிந்து வைத்திருந்தார். மீதி நூலை நிதானமாகச் சுற்றி முடித்தேன்.

ஆகஸ்டு கடைசியில் பருத்தி வெடித்தது. நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மிஸ். பன்னிரண்டு தொட்டியும் வெள்ளை வெளேர் என்று. அண்டை வீட்டுக்காரர்கள் போன் எடுத்துக்கொண்டு வந்து படம் பிடித்தார்கள். இவர் மடியில் தட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காயாக விதை நீக்கினார். முன்பு மாதிரி கதை சொல்வதில்லை, நான்தான் பேசிக்கொண்டிருப்பேன். அந்தப் பஞ்சை நூற்று, அவருக்கே ஒரு ஜோடி காலுறை பின்னினேன். குதிகாலைத் திருப்புவது கஷ்டமான வேலை, மூன்று தடவை பிரித்துப் போட்டேன். ஒரு மாதமாகத் தினமும் போட்டிருக்கிறார், அடியில் ஒரு பொட்டு அழுக்கு கிடையாது.

போன வாரம் வாணி பாகற்காய் பறிக்கப் பின்பக்கம் போனாள். நானே எழுந்து போயிருக்க வேண்டும், இரண்டாவது ஜோடிக் காலுறையின் குதிகாலில் கண்ணி விட்டுவிடுமே என்று உட்கார்ந்துவிட்டேன். பிறகு உள்ளே வந்தாள். கையில் காய் இல்லை.

"அம்மா, கொடிக்கு அடியில ஆஸ்பத்திரி ஸ்டிக்கரோட ஒரு வாக்கர் இருக்கு. அது அப்பாவுதா?"

"ஆமாம்மா" என்றேன். கேட்டால் மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அவள் கத்தவில்லை. அந்தத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்பாவிடம் குனிந்து, காதருகில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கே அவரை உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாள். கெண்டைக்கால் சதை வற்றிவிட்டது, முழங்கால் மடங்கவில்லை, ஆறாவது வாரத்தில் நடந்திருந்தால் இன்றைக்கு ஓடுவார், இனிமேல் தனியாக நடப்பது சந்தேகம் என்று உங்கள் டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். சந்தேகம் என்றுதானே சொன்னார்? பெலும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கோபத்தில் செய்தீர்களா, பழிவாங்கவா என்று கேட்டீர்கள். எனக்கு அவர்மேல் ஒரு நாளும் கோபம் இல்லை. தாளில் எழுதியது நான். போனில் சொன்னது நான். நின்ற மனுஷனை உட்கார வைத்ததும் நான்தான். அவருக்கு ஒரு வேளை மருந்து தவறியதில்லை, ஒரு புண் வந்ததில்லை, துணி கசங்கியதில்லை. எந்தக் கேஸிலாவது இப்படிப் பார்த்துக்கொண்ட பெண்சாதியை நீங்கள் பார்த்ததுண்டா? இதையும் உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு வரி சேருங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. சிட்டத்தை எடுத்து வந்தால் இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொள்கிறார். நேற்று நீங்கள் போன பிறகு ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "நான் வாணி வூட்டுக்குப் போறேன்" என்றார். அவளும் கீழ் அறையை ஒழித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து தூக்கிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறாள். எதற்கு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று நான்தான் கேட்டேன். மனுஷரைப் பிடித்துக் கட்டி வைக்கிற ஆள் நான் இல்லை. அவர் துணிமணியை மடித்துப் பையில் போட்டு, வெளியே கேட் ஓரத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். காலையிலிருந்து கேட்டையும் திறந்தேதான் போட்டிருக்கிறேன். எந்த நிமிஷம் வேண்டுமானாலும் அவர் எழுந்து நடந்து போகலாம், மிஸ். நான் ஒரு நாளும் அவரைத் தடுத்ததில்லை.