இடத்தை அடைத்த சிறகுகள்

சேத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் பையை மடியில்தான் வைத்துக்கொள்வேன், ஃபாதர். இடத்தை அநியாயமாக அடைப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

ராஜபாளையத்தில் நானும் கேத்ரின் அக்காவும் சேர்ந்து வாங்கிய கரண்டு சூளை அது. வாஷிங் மெஷின் அளவுதான். பாதி காலியாக எரித்தாலும் கரண்டு அதே கரண்டு. அதனால் எப்படி அடுக்குவது என்று யோசித்த பிறகுதான் நான் மண்ணில் கை வைப்பேன். என் கிண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். என் குவளைக்குப் பிடியே கிடையாது. சுடுகிறது என்பவர்கள் ஆறவைத்துக் குடிக்கட்டும்.

அக்கா செய்வதெல்லாம் நீட்டிக்கொண்டும் விரித்துக்கொண்டும் நிற்கும். உங்கள் கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மண் சுரூபங்கள் கேட்டீர்கள். அவளுக்கு வந்த முதல் பெரிய வேலை. சோறு தண்ணீர் மறந்து செய்தாள். வானத்திலிருந்து பறந்து வரும் சம்மனசுகளுக்கு மகள் ஷீனாவின் முகத்தை வைத்தாள். ஷீனா துபாயில் நர்ஸ், இந்தக் கிறிஸ்துமஸுக்கும் லீவு இல்லை. முகத்தில் நான் குறை சொல்லமாட்டேன். சிறகுதான் ஆளைவிடப் பெரிது.

"ஏட்டி யுவராணி, பதனமா அடுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் போயிட்டு வாரேன்" என்று போனாள். பதனமாகத்தான் அடுக்கினேன்.

முதலில் ஒட்டகத்தின் கழுத்து. காய்ந்த மண்தானே, ஹேக்சா பிளேடால் இரண்டே இழுப்பு. காணிக்கை நீட்டிய கைகளை எடுத்ததும் மூன்று ராஜாக்களும் நெருங்கி நின்றார்கள். பிறகு சம்மனசுகள். சிறகு போனதும் எவ்வளவு அடக்கமாகிவிட்டார்கள். சிறகுகளை நான் வீசவில்லை. கிண்ணங்களுக்குள் அடுக்கி அவற்றையும் சுட்டேன். பாலன் இயேசு கைகளை விரித்துக் கிடந்தார். அவரை அறுக்க மனம் வரவில்லை. ஒரு பானைக்குள் வைத்தேன். மூடியும் சரியாக உட்கார்ந்தது.

சூளையைத் திறந்த அக்கா ஒரு சம்மனசை மடியில் வைத்துக்கொண்டாள். சுட்ட மண் இனி ஒட்டாது என்று அவளுக்குத் தெரியும்.

"எம் புள்ள இனி எப்பிடிட்டி பறந்து வருவா?" என்று அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன், அறுத்தது நான்தான். ஆனால் அதில் என் சுயநலம் துளியும் இல்லை. மிச்சமான இடம் வீணாகக் கூடாதே என்று என் உண்டியல்களை வைத்தேன், அவ்வளவுதான். அச்சுப்பிசகாமல் பொருந்தின. பொருந்தாமல் என்ன, போன மாதமே அந்தச் சிறகுகளை அளவெடுத்துத்தானே அவற்றைச் செய்தேன்.