ஸ்லோவில் ஓடாத ஒஸ்டின்

— அப்ப சொல்லும் றஊப், என்ர ஒஸ்டினில இருந்த பழைய கார்பரேட்டர் எங்க?

— அதேதான் சேர் உங்கட கண்ணுக்கு முன்னால இரிக்கு. நான் ஒண்டும் மாத்தல்ல.

— நம்பச் சொல்லுறீரோ? மூண்டு மாசத்தில மூண்டாம் தரம் இந்தக் கார் உம்மட கையில. திருத்தித் தாறீர், ஒரு கிழமை ஓடுது, பிறகு அக்சிலேட்டரில இருந்து காலை எடுத்த உடன நிண்டுபோகுது. இருபத்தெட்டு வருசம் துறைமுகத்தில கப்பல் இழுக்கிற டக்போட் எஞ்சினோட கிடந்தவன் நான், கண்டீரோ. என்னை ஏய்க்கேலாது.

— மெய்யாச் சொல்றன் சேர், எனக்கும் ஒரு சந்தேகம் இரிக்கு. நீங்க வீட்டுல பொனட்டைத் திறந்து கை வெக்கிறீங்களா?

— நான் தொடுறதே இல்லை.

— அப்ப ஆரோ தொடுறாங்க. முதல் தரம் இந்தச் சின்ன ரப்பர் குழாய் கழண்டு கிடந்திச்சு. ரெண்டாம் தரம் டிஸ்ட்ரிபியூட்டர்ட ஆணி தளந்து கிடந்திச்சு. ஒண்டு எண்டாத் தானாக் கழரும். ரெண்டும் தானா நடக்குமா?

— நீர் ஒழுங்கா முறுக்கேல்லை, கண்டீரோ.

— சரி, வந்து நீங்களே பாருங்க. பாத்து சேர், பாத்து. ஜாக்குல கால் அடிபட்டுட்டா?

— நடுவழியில வைச்சிருக்கிறீர்.

— ஓரத்துலதான் வெச்சன். பரவால்ல. எஞ்சின் ஓடுது, சத்தத்தைக் கேளுங்க.

— தடக்கித் தடக்கி ஓடுது. டைமிங் பிந்திப்போச்சு.

— ஆனா டிஸ்ட்ரிபியூட்டர் நான் கீறின அடையாளத்தை விட்டு அசையல்ல. கார்பரேட்டரைச் சுத்தி எண்ணெய் விட்டும் பாத்தன், காத்து எங்கயும் உள்ள போகல்ல. இப்ப குழாயைக் கழட்டுறன், விரலை வைங்க. இழுக்குதா?

— இல்லையே.

— இழுக்கோணும் சேர். எஞ்சின் உறிஞ்சிற இழுவை இதாலதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும். போகாட்டி நெருப்புப் பிந்தி அடிக்கும், காலை எடுத்தா ஸ்லோவில ஓட ஏலா. குழாய் வெளியால நல்லாத்தான் இரிக்கு. உள்ளுக்கு ஆரோ அடைச்சிருக்காங்க.

— மருமகன் சிவரூபன்தான். காரை வித்துப்போடுங்கோ மாமா எண்டு வாயெடுத்தாச் சொல்லுறவன்.

— அவர் கொழும்புலதானே இரிக்கார்?

— கொழும்பிலதான். எண்டாலும் அவனில எனக்கு ஒரு கண். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக் கீர்த்தனிக்குக் கலியாணம், றஊப். பொம்பிளையை நானே இந்தக் காரில ஏத்திக்கொண்டு போய்க் கோயிலடியில இறக்கிறன் எண்டு வாக்குக் குடுத்திட்டன்.

— நீங்களே ஓடுவீங்களா? இடப்பக்க மட்கார்டுல பெரிய கீறல் ஒண்டு இரிக்கே.

— கோட்டையடியில ஒரு மான் குறுக்கால பாய்ஞ்சது.

— மானுக்கு மஞ்சப் பெயிண்டா சேர்? இது பஸ் ஸ்டாண்ட் தூணுட மஞ்சள்.

— நீர் மெக்கானிக்கோ, பொலிஸோ?

— கோவிக்காதீங்க. இந்தா, கம்பியால இழுத்து எடுத்துட்டன். சின்ன நீல மூடி.

— என்னத்தின்ர மூடி?

— கண்ணுக்கு விடுற சொட்டு மருந்துட மூடி. துணி தேடி உங்கட டாஷ்போர்ட்டைத் திறந்தன். போத்தல் அங்க மூடியில்லாமக் கிடக்கு.

— அந்தப் போத்தல் அங்க இருக்கிறது ஒருத்தருக்கும் தெரியாது, றஊப். கண்ணில அழுத்தமாம், ரெண்டு பக்கத்தாலயும் பார்வை குறையுதாம் எண்டு டொக்டர் சொன்னதை நான் வீட்டில சொல்லேல்லை. காருக்குள்ள இருந்துதான் மருந்து விடுறனான்.

— காரைப் பூட்டித் திறக்க எத்தினை திறப்பு இரிக்கு?

— ரெண்டு. ஒண்டு என்னட்டை. மற்றது மனுசி அன்னலட்சுமியிட்டை.

— முதல் தரம் நான் உங்கட வீட்டுக்கு வந்து செய்யக்குள்ள டோர்ச் பிடிச்சது அன்னலட்சுமி டீச்சர்தான் சேர். இந்தக் குழாய் என்னத்துக்கு றஊப் எண்டு கேட்டாங்க. என்னைப் படிப்பிச்சவங்க கேக்காங்களே எண்டு முழுக்கச் சொல்லிக் குடுத்தன்.

— என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம், மனுசி.

— கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

— மான் எண்டு சொல்லியிருப்பன்.

— குழாயைப் பூட்டிட்டன். இப்ப கேளுங்க, ஸ்லோவில எப்பிடி ஓடுது எண்டு.

— நல்லா ஓடுது. போதும், நிப்பாட்டிப்போட்டுத் திறப்பைத் தாரும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூண்டு நாள் கிடக்கு, நான் மெல்ல ஓடுவன். எங்க, திறப்பைத் தாருமன்.

— நீட்டிக்கொண்டுதான் நிக்கன் சேர். உங்கட இடக்கைப் பக்கம்.

— எவ்வளவு நேரமா?

— நீங்க கேட்ட நேரந்தொட்டு.

— அது உம்மட கையிலேயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை நீர் வந்து ஓடும், றஊப். பொம்பிளையைப் பத்திரமாக் கொண்டுபோய் இறக்கும்.

— சரி சேர். இண்டைக்கு?

— இண்டைக்கு அந்த மூடியைத் திருப்பிக் குழாய்க்குள்ள தள்ளிப்போட்டு, என்னை வீட்டை கொண்டுபோய் விடும். மனுசி கேட்டா, இந்தமுறை பிழை என்னெண்டு பிடிபடவேயில்லை எண்டு சொல்லும்.